தண்ணீர் அதேதான், பாட்டுத்தான் வேறு

(வாசகர் கேள்வி – பதில்)

டிஸ்னி நிறுவனத்தின் பூங்காக்களான புளோரிடாவின் மேஜிக் கிங்டமிலும் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டிலும் இருந்த ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’ படகு ரைடு 2023-ல் மூடப்பட்டது. 2024-ல் அது ‘டியானாஸ் பாயு அட்வென்ச்சர்’ என்ற புதுத் தீமில் திறந்தது. அதையொட்டியும், தீம் மாறிய வேறு ரைடுகளைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: படகு ஓடும் கால்வாய் அதே. சரிவும் அதே உயரம். நனைவதும் அதே நனைவுதான். அப்படியிருக்க, எதை இழந்துவிட்டதாக ரசிகர்கள் கண்ணீர் விடுகிறார்கள்?

பதில்: எந்திரத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. டிஸ்னிலேண்டில் 1989 ஜூலை 17 அன்று ஸ்பிளாஷ் மவுண்டன் திறந்தபோது பெரிய சரிவின் உயரம் 52.5 அடி, அதாவது சுமார் 16 மீட்டர். கால்வாயின் போக்கும் அந்தச் சரிவும் அப்படியே இருக்கின்றன. போனது, அந்த விழுதலுக்கு இருந்த காரணம்.

பழைய ரைடின் கதையில் ஒரு முயல் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. நரியும் கரடியும் அதைப் பிடிக்க அலைகின்றன. தொடக்கத்தில் பாட்டு குதூகலமாக இருக்கும். குகைக்குள் போகப் போக வெளிச்சம் குறையும், பாட்டின் தொனி மாறும். முயல் மாட்டிக்கொள்ளும். கடைசி ஏற்றத்தில் இரண்டு பிணந்தின்னிக் கழுகுகள் தலைக்கு மேலே உட்கார்ந்து பயணிகளைப் பார்த்துக் கேலி பேசும். முயல் நரியை ஏமாற்றி, தனக்குப் பழகிய முட்புதருக்குள்ளேயே தன்னை வீச வைக்கும். அந்த நொடியில் படகு கவிழ்ந்தாற்போல் முட்புதரை நோக்கிப் பாயும். வீசப்படுவது முயல் மட்டுமல்ல, படகில் இருப்பவர்களும்தான். கீழே வந்து திரும்பினால் ஆற்றுக் கப்பல் ஒன்றின் மேல் விலங்குகள் கூடிப் பாடிக்கொண்டிருக்கும். பயம், விழுதல், விடுதலை, கொண்டாட்டம் என்ற அந்த வரிசை உடம்பில் பதிந்துபோனவர்கள்தான் இன்று அழுகிறார்கள்.

புதிய ரைடில், ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ படத்தின் நாயகி டியானா தன் விருந்துக்கு இசைக்குழு தேடிப் போகிறாள். மாமா ஓடி என்ற மந்திரக்காரப் பாட்டி பயணிகளைத் தவளை அளவுக்குச் சுருக்கிவிடுகிறாள். சரிவில் விழும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறார்கள். துரத்துபவர் யாருமில்லை. 2009-ல் வந்த மூலப் படத்தின் வில்லன் ஃபாசிலியே இதில் இல்லை. 16 மீட்டர் உயரத்திலிருந்து தள்ளப்படுகிறவருக்கு ஏன் தள்ளப்படுகிறோம் என்ற அச்சம் முன்கூட்டியே ஏற வேண்டும். அது ஏறவில்லை என்பதே ரசிகர்களின் முக்கியமான குறை. அது நியாயமான குறை என்றுதான் எங்களுக்கும் படுகிறது. பொம்மைகளின் அசைவு பழையதைவிடப் பல மடங்கு உயிருள்ளது என்பதும், நியூ ஆர்லியன்ஸ் இசையைக் கவனமாகக் கையாண்டிருக்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஸ்பிளாஷ் மவுண்டனே பாதி கடன் வாங்கிப் பிறந்த ரைடு. டிஸ்னிலேண்டில் 1974 முதல் 1988 வரை ஓடிய ‘அமெரிக்கா சிங்ஸ்’ நிகழ்ச்சியின் விலங்குப் பொம்மைகள்தான் அங்கே புது வேடம் கட்டின. அந்த நிகழ்ச்சியின் இரண்டு வாத்துகள் அதற்கு முன்பே தோல் உரிக்கப்பட்டு, 1987-ல் திறந்த ‘ஸ்டார் டூர்ஸ்’ ரைடின் காத்திருப்பு வரிசையில் ரோபோக்களாகிவிட்டன.

கேள்வி: ஸ்பிளாஷ் மவுண்டன் ரைடின் மூலப் படம் கறுப்பின மக்களைத் தவறாகக் காட்டியது என்கிறார்கள். அது தெரிந்த பிறகும் பழைய ரைடுக்காக வருந்துவது தவறா?

பதில்: வருந்துவதில் தவறில்லை. ஆனால் வருத்தத்தோடு சேர்த்து வரலாற்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

1946-ல் வந்த அந்த டிஸ்னி படம், ‘சாங் ஆஃப் தி சவுத்’, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஜார்ஜியாவின் தோட்டப்பண்ணையைக் களமாகக் கொண்டது. அங்கிருந்த கறுப்பினத் தொழிலாளர்களின் வாழ்வைக் கவலையற்ற வாழ்வாகப் பூசிக் காட்டியது. படம் வெளியான அந்த ஆண்டிலேயே கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு கண்டித்தது. கதை சொல்லும் முதியவராக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட் 1948-ல் சிறப்பு ஆஸ்கர் பெற்றார். அவரால் அட்லாண்டாவில் நடந்த முதல் திரையிடலுக்குப் போக முடியவில்லை. அந்த நகரத்தில் அப்போது இனப்பிரிவினை நடைமுறையில் இருந்தது. அமெரிக்கத் திரையரங்குகளில் படம் கடைசியாக ஓடியது 1986-ல். அந்நாட்டில் வீடியோவாக அது ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை.

ரைடை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் கதைசொல்லி முதியவரை ரைடுக்குள் கொண்டுவரவில்லை. முயல் ஒட்டிக்கொள்ளும் தார் பொம்மையை எடுத்துவிட்டுத் தேன்கூட்டை வைத்தார்கள். ஆக, ரைடை நேசித்த பெரும்பாலோர் படத்தைப் பார்த்ததே கிடையாது. அவர்கள் நேசித்தது முயலையும் பாட்டையும் தண்ணீரையும். அந்த நேசத்தைக் குற்றமாக்குவது சரியல்ல. அதேபோல், ‘எனக்குப் பிடித்திருந்தது, ஆகவே யாருக்கும் வலித்திருக்காது’ என்பதும் சரியல்ல.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அந்தத் தந்திர முயலின் கதைகள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் வாய்வழியாகக் காத்து வந்தவை. வலியவனை எளியவன் புத்தியால் வெல்லும் கதைகள். படத்தின் கறையால் முயலும் சேர்ந்து வெளியேறியது.

2020 ஜூன் 25 அன்று மாற்றத்தை அறிவித்தபோது, முந்தைய ஆண்டிலிருந்தே அந்தத் திட்டத்தில் வேலை நடப்பதாக நிறுவனம் சொன்னது. எங்கள் கருத்து இது: மாற்றியது சரி. புதிதாக வந்த கதையில் விறுவிறுப்பு குறைவு. இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றின் மேல் சுமத்தும்போதுதான் ரசிகர்களுக்குள் சண்டை மூள்கிறது.

கேள்வி: ஓவர்லே, ரீதீம், ரீபர்ப் என்று மாறி மாறிச் சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

பதில்: ரீபர்ப் என்றால் பராமரிப்பு. பெயின்ட், பம்ப், மோட்டார் போன்ற வேலைகள் நடக்கும், கதை மாறாது. ஓவர்லே தற்காலிக வேடம். டிஸ்னிலேண்டின் பேய் வீட்டு ரைடான ‘ஹான்டட் மேன்ஷன்’ 2001 முதல் பண்டிகைக் காலத்தில் வேறு அலங்காரம் பூண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. ரீதீம் என்றால் எந்திரம் தங்கும், கதை நிரந்தரமாகப் போகும். எந்திரமும் போனால் அது மாற்றுக் கட்டுமானம். அறிவிப்பில் ‘ஓவர்லே’ என்ற சொல் இருந்தால் நிம்மதியாக இருங்கள்.

கேள்வி: பழையதை விட்டுவிட்டு, புதியதைப் பக்கத்தில் கட்டினால் என்ன?

பதில்: நீர் ரைடில் பெரும்பணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் போகிறது. அடித்தளம், நீர்த்தேக்கம், பம்ப், ஏற்றங்கள், நடுவழியில் நின்றால் ஆட்களை இறக்கிக் கூட்டிவரும் நடைபாதை, இவை எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். புளோரிடா ரைடில் மட்டும் சுமார் 9,50,000 கேலன் தண்ணீர் ஓடுகிறது. தயாராக இருக்கும் கால்வாயை விட்டுவிட்டு இன்னொன்று தோண்ட எந்த நிர்வாகமும் எளிதில் ஒப்புக்கொள்ளாது.

வேலைக்கு எடுக்கும் காலத்தைப் பார்த்தாலே எவ்வளவு ஆழமாகக் கை வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். டிஸ்னியின் இன்னொரு பூங்காவான கலிபோர்னியா அட்வென்ச்சரில், லிஃப்ட் மேலிருந்து விழும் ‘டவர் ஆஃப் டெரர்’ 2017 ஜனவரி 2 அன்று கடைசியாக ஓடியது. அதே ஆண்டு மே 27-ல் ‘மிஷன்: பிரேக்அவுட்’ ஆகத் திறந்துவிட்டது. ஐந்து மாதம்கூட ஆகவில்லை. லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துக் கூடம் அப்படியே இருந்தது, உள்ளே மாற்ற வேண்டிய காட்சிகளும் குறைவு. புளோரிடாவின் டிஸ்னி பூங்காக்களில் ஒன்றான எப்காட்டின் நார்வே படகு ரைடு ‘மேல்ஸ்ட்ராம்’ 2014 அக்டோபர் 5-ல் மூடி, 2016 ஜூன் 21-ல் ‘ஃப்ரோசன்’ கதையாகத் திறக்க இருபது மாதம் பிடித்தது. புளோரிடா ஸ்பிளாஷ் மவுண்டனுக்குப் பதினேழு மாதம். தண்ணீரை வடித்து, கால்வாயைச் சரிபார்த்து, ஒவ்வொரு காட்சியிலும் புதுப் பொம்மைகளை நிறுத்தி, மறுபடி நீர் நிரப்பிப் பல வாரம் வெறும் படகு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எனக்குப் பிடித்த ரைடு மூடப்படப் போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. எப்போது போவது, எப்படிப் பதிவு செய்வது?

பதில்: அறிவிப்புக்கும் மூடுவதற்கும் இடையே எவ்வளவு காலம் கிடைக்கும் என்று கணிக்கவே முடியாது. ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு இரண்டரை ஆண்டு கிடைத்தது. கலிபோர்னியா டவருக்குக் கிடைத்தது ஆறு மாதத்துக்கும் குறைவு. ஆகவே தேதி தெரிந்தவுடன், மூடுவதற்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்னால் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள். பூங்கா திறந்த முதல் மணி நேரத்தில் போய்விடுங்கள். கடைசி நாள் வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. வரிசை பல மணி நேரம் நீளும். அன்று பழுதானால் ‘நாளை வருகிறேன்’ என்று சொல்ல நாளை கிடையாது. மேலும், மூடப்போகும் ரைடில் உடைந்த பொம்மையைப் பெரும்பாலும் பழுது பார்க்க மாட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். நாள் நெருங்க நெருங்கக் காட்சிகள் குறையும்.

குறைந்தது மூன்று சுற்று போங்கள். முதல் சுற்றில் கையில் எதுவும் வேண்டாம், கண்ணால் பாருங்கள். இரண்டாவது சுற்று வீடியோவுக்கு. மூன்றாவது ஒலிக்கு மட்டும்.

வீடியோ: போனின் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். அகலக் கோண லென்ஸும் டெலி லென்ஸும் இருட்டில் மணல் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக எடுக்கும். நொடிக்கு 60 பிரேம் வேண்டாம், 30 போதும். அப்போதுதான் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் வெளிச்சம் கிடைக்கும். எக்ஸ்போஷரைப் பூட்டி, ஒரு படி குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் இருட்டிலிருந்து விளக்குள்ள காட்சிக்குள் நுழையும்போது பொம்மைகளின் முகம் வெளுத்துப்போகும். வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டால் காட்சிக்குக் காட்சி நிறம் தாவாது. திரையின் பிரகாசத்தைக் கடைசி அளவுக்குக் குறையுங்கள். பிளாஷும் டார்ச்சும் கூடவே கூடாது. பின்வரிசையில் இருப்பவருக்கும் அது கடைசிப் பயணமாக இருக்கலாம். செல்ஃபி ஸ்டிக்கை டிஸ்னி பூங்காக்கள் 2015-லேயே தடை செய்துவிட்டன. மணிக்கட்டில் பட்டை கட்டி, பெரிய ஏற்றம் தொடங்கியதும் போனை நீர்ப்புகாப் பைக்குள் போட்டுவிடுங்கள். ‘சரிவையும் எடுத்துவிடலாம்’ என்ற ஆசையில்தான் பல போன்கள் தண்ணீருக்குள் போகின்றன.

ஒலி: இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் வீடியோ பழசாகத் தெரியும், ஒலி அப்படித் தெரியாது. சின்ன ரெக்கார்டர் இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக வையுங்கள். தானியங்கி ஒலியளவை அணைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைத்தால் அலறல் சத்தத்தில் ஒலி உடையாது. மைக்கின் மேல் பஞ்சுறை போடுங்கள். பின்வரிசையில் உட்காருங்கள், முன்வரிசையில் படகு நீரைக் கிழிக்கும் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வரிசையில் ஒலிக்கும் பின்னணி இசையையும், படகேறும் இடத்தில் வரும் அறிவிப்பையும் பேசாமல் நின்று முழுதாக எடுங்கள். அவை பாட்டுத் தொகுப்புகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

புகைப்படத்தில் எல்லோரும் மலையை எடுப்பார்கள். நீங்கள் எச்சரிக்கைப் பலகை, உயர அளவுகோல், வரிசையின் விளக்குகள், சுவரில் எழுதியிருக்கும் வாசகங்கள் இவற்றை எடுங்கள். கோப்பின் பெயரில் தேதி, நேரம், எத்தனையாவது வரிசை என்பதைப் போட்டுவிடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: ரைடின் தண்ணீர் என்று ஜாடியில் அடைத்து ஏல இணையதளத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க வழியே இல்லை. பலகை, படகு உறுப்பு, பொம்மை உடை போன்றவை பெயர்பெற்ற ஏல நிறுவனங்கள் வழியாக வருவதுண்டு. அப்போதும் பொருளின் பின்பக்கப் படம், பூங்காவின் சொத்து எண் ஒட்டு, அது எந்த வழியில் வெளியே வந்தது என்ற எழுத்துச் சான்று ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதைத் தர மறுத்தால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். நினைவாக ஏதேனும் வேண்டுமென்றால் பூங்கா வரைபடத் தாள் போதும். மூடுவதற்கு முந்தைய மாதத்தின் பதிப்பை மடிக்காமல் வையுங்கள்.

கேள்வி: கடிதம், மனு, போராட்டம் இதெல்லாம் உண்மையில் பலன் தருமா?

பதில்: மூடுவதைத் தடுத்ததைவிட, மூடிய பிறகு திருத்த வைத்ததே அதிகம். மேஜிக் கிங்டமில் தேரைக் கதாபாத்திரம் ஒன்றை நாயகனாகக் கொண்ட ‘மிஸ்டர் டோட்’ ரைடுக்காக ரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டு ‘டோட்-இன்’ என்ற போராட்டம் நடத்தினார்கள். ஆனாலும் 1998 செப்டம்பர் 7-ல் அது மூடப்பட்டது.

மாறாக, எப்காட்டின் ‘ஜர்னி இன்டு இமாஜினேஷன்’ 1999-ல் புது வடிவில் திறந்தபோது, ஊதா நிறக் குட்டி டிராகன் ஃபிக்மென்ட்டைக் கிட்டத்தட்ட நீக்கியிருந்தார்கள். பயணமும் சுருங்கியிருந்தது. வந்தவர்கள் எழுதித் தள்ளினார்கள். 2001-ல் மூடி, 2002-ல் ஃபிக்மென்ட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். புளோரிடாவின் ‘டிகி ரூம்’ என்ற பாடும் பறவைப் பொம்மைகளின் நிகழ்ச்சி 1998-ல் மாற்றப்பட்டு ரசிகர்களின் வெறுப்பைச் சம்பாதித்தது. 2011 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய நிகழ்ச்சியின் வடிவமே திரும்பியது.

எனவே எழுதுங்கள், ஆனால் செய்யக்கூடியதைக் கேளுங்கள். ‘பழையதையே வையுங்கள்’ என்பதற்குப் பதில் வராது. ‘கழுகு பொம்மைகள் இரண்டை வரிசைப் பகுதியில் வையுங்கள்’ என்பது ஒரு வடிவமைப்பாளர் மதிய உணவுக்குள் முடிவு செய்யக்கூடிய விஷயம். இதற்கு முன்னுதாரணம் நிறைய இருக்கிறது. டோட் போன இடத்தில் வந்த ‘வின்னி தி பூ’ கரடி ரைடில், டோட் தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைக்கும் படம் மாட்டியிருக்கிறது. புளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில், கிங் காங் ரைடான ‘காங்ஃப்ரன்டேஷன்’ இருந்த இடத்தில் 2004-ல் வந்த ‘மம்மி’ ரைடின் புதையல் அறையில் தங்க கிங் காங் சிலை நிற்கிறது. டிஸ்னிலேண்டில் கரடிகளின் பாட்டு நிகழ்ச்சி போன இடத்தில் ஓடும் ரைடில், ஒரு குறிப்பிட்ட காட்சியைத் தாண்டியதும் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். சுவரில் மாட்டிய மூன்று தலைகள் அங்கேயே இருக்கின்றன.

கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பயணம் செய்த தேதி, எந்தக் காட்சி, என்ன கோரிக்கை என்பது முதல் ஐந்து வரிகளில் வந்துவிட வேண்டும். படகேற்றும் ஊழியரிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். முடிவெடுத்தவர் அவரில்லை, அவருக்கும் அந்த ரைடின் மேல் பிரியம் இருந்திருக்கும்.

கேள்வி: புதுத் தீமில் திறந்த ரைடுகள் ஏன் அடிக்கடி நின்றுபோகின்றன? பழைய எந்திரம்தானே?

பதில்: பழைய எந்திரத்தின் மேல் புதிய மூளையும் புதிய பொம்மைகளும் உட்கார்கின்றன, அதனால்தான். நீர்க்கால்வாய் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு படகுக்குத்தான் அனுமதி. சென்சார் ஒன்று படகைத் தாமதமாகக் காட்டினாலே பின்னால் வரும் படகுகள் வரிசையாக நிறுத்தப்படும். பம்பும் நின்றுவிட்டால் மேலே இருக்கும் நீர் கீழ்த்தொட்டிக்கு வடிந்து, படகுகள் தரை தட்டும். நீர்மட்டம் திரும்பி ஏறி, படகுகள் மிதந்து, ஒவ்வொரு கட்டத்தையும் சரிபார்த்த பிறகே பயணிகளை ஏற்ற முடியும். ஆட்களை நடைபாதை வழியே இறக்க வேண்டி வந்தால் இன்னும் நேரமாகும். புதிய மின்மோட்டார் பொம்மைகளின் இணைப்புகளில் ஈரமும் சாரலும் ஏறுவது தனிப் பிரச்சினை. திறந்து ஓராண்டு வரை இவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பயணத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்; மாலைக்குத் தள்ளினால் நின்றுபோன ரைடின் வாசலில் காத்திருக்க நேரலாம்.

கேள்வி: மூடிய ரைடுகளில் எவை வேறு ஊர்களில் இன்னும் பழைய வடிவில் இருக்கின்றன?

பதில்: ஸ்பிளாஷ் மவுண்டன் டோக்கியோ டிஸ்னிலேண்டில் 1992 முதல் ஓடுகிறது. 1994-ல் திறந்த மூல டவர் ஆஃப் டெரர் புளோரிடாவில் நிற்கிறது, பாரிஸிலும் ஒன்று உண்டு. மிஸ்டர் டோட் கலிபோர்னியாவில் இருக்கிறார். புளோரிடாவில் 2012-ல் போன ‘ஜாஸ்’ சுறா, ஒசாகாவின் யுனிவர்சலில் நீந்துகிறது.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்குப் புதிய டியானா ரைடு உயிர். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நியாயமாக மதிப்பிடுவது எப்படி?

பதில்: உங்கள் நினைவில் இருக்கும் பழைய ரைடோடு ஒப்பிடாதீர்கள். அது உங்கள் வாழ்நாளின் மிகச் சிறந்த நாளில், எல்லாப் பொம்மைகளும் வேலை செய்த ரைடு. பழைய பதிவு ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டுப் போங்கள். அதிலும் அசையாமல் நின்ற பொம்மைகளும் காலியான திருப்பங்களும் இருந்தது கண்ணில் படும்.

புதியதில் ஒரு முறை பகலிலும் ஒரு முறை இரவிலும் போங்கள். வெளிப்புறப் பகுதி இரவில் வேறு ரைடாகவே மாறிவிடும். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே பார்க்கவோ கேட்கவோ எதுவும் இல்லாமல் எத்தனை நொடி போகிறது என்று எண்ணிப் பாருங்கள். இருபதைத் தாண்டினால் அது உண்மையான குறை, எழுதி அனுப்பத் தகுந்தது. ‘முயல் இல்லை’ என்பது குறையல்ல, துக்கம். அதை மகளோடு படகில் இருக்கும்போது பேச வேண்டாம். வீட்டுக்கு வந்து பழைய பதிவைப் போட்டுக் காட்டுங்கள், கழுகுகள் வரும் இடத்தில் அவளே கேள்வி கேட்பாள். அடுத்த முறை அவளை முன்வரிசையில் உட்கார வையுங்கள். குறைந்தபட்ச உயரம் 40 அங்குலம், அதாவது 102 சென்டிமீட்டர். புளோரிடாவில் பழைய ரைடுக்கும் அதே அளவுதான் இருந்தது.